கிணற்றுக்குத் தெற்கே, முருங்கை மரம் உள்ள ஓட்டு வீடு

ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். செயலாளர் வீடு தேடி வந்து, "ஏழுமலை அண்ணே, உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத பெருமையான சம்பவம் ஒண்ணு, ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் குடுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். மறக்க முடியாதது இருக்கிறது. பெருமையானதுதான் இல்லை. திருடனைத் துரத்திப் பிடித்த கதை ஏதாவது எழுதி ஒப்பேற்றிவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் கோர்ட்டுக்குப் போய்வந்த பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு தகராறு. துணைக்கு வாருங்கள் என்றார், போனேன். பழைய கட்டடத்தின் பக்கத்தில் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார்கள். உள்ளே பெஞ்சு, மின்விசிறி, தண்ணீர்க் குடம். அங்கே நின்ற இளம் கான்ஸ்டபிள் நான் யாரென்று தெரிந்ததும் சல்யூட் அடித்து, "சார், இப்பல்லாம் சாட்சிங்களுக்குத் தனி ரூம். அக்யூஸ்டு கண்ணுலயே பட மாட்டாங்க. உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்றான். உண்மைதான், எங்கள் காலத்தில் ஏது! ஆனால் அந்த அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அன்றைக்கு வரவேண்டிய சாட்சிகளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், தெரு எல்லாம் டைப் அடித்து, வரிசை எண் போட்டு.

"இது எதுக்குப்பா?" என்றேன்.

"யாரு வந்திருக்காங்க, எங்கேருந்து வந்திருக்காங்கன்னு தெரியணுமில்ல சார். ரூல்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாராட்டுகிறேன் என்று நினைத்து அந்தப் பிள்ளையும் சிரித்தான். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். செயலாளர் போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் குப்பையில் போடட்டும்.

சுதந்திரம் வந்த வருஷம் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தேன். வட ஆற்காட்டிலிருந்து வந்து ஆஸ்டின் டவுனில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. வெள்ளைக்காரன் கையிலிருந்த கண்டோன்மென்ட் அப்போதுதான் மைசூர் சர்க்காருக்கு வந்திருந்தது. உடுப்பில் முத்திரை மாறியது. அரை நிஜாரும், காலில் சுற்றுகிற பட்டியும், பரேடில் விழுகிற திட்டும் மாறவில்லை. ட்ரெயினிங்கில் கம்பு சுழற்றச் சொல்லிக் கொடுத்தார்கள், கூட்டத்தைக் கலைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சாட்சி என்று ஒரு ஜென்மம் இருப்பதை யாரும் சொல்லவில்லை.

தமிழ், கன்னடம், தக்கனி உருது மூன்றும் பேசுவேன். அரைகுறையாக இங்கிலீஷ் எழுதுவேன். அதனால் இரண்டாம் வருஷமே சம்மன் டியூட்டியில் போட்டுவிட்டார்கள். வேலை கேட்பதற்குச் சுலபம். கோர்ட்டிலிருந்து சம்மன் இரண்டு பிரதியாக வரும். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் சாட்சியைக் கண்டுபிடித்து ஒரு பிரதியைக் கையில் கொடுக்க வேண்டும். இன்னொரு பிரதியின் பின்பக்கத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, அதன் கீழே எந்த இடத்தில், எந்த நேரத்தில் கொடுத்தோம் என்று நாங்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பிரதி கோர்ட்டுக்குத் திரும்பிப் போய்க் கேஸ் கட்டில் சேரும். பின்பக்கத்தில் எழுதும் அந்த நாலு வரிக்கு ஷரா என்று பெயர். என் உத்தியோகமே அந்த நாலு வரிதான்.

வெயிலில் பத்து மைல் மிதிக்க யாருக்கு ஆசை? சாட்சி கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் அங்கேயே கொடுத்துவிட்டு, 'அவர் வீட்டில் கொடுக்கப்பட்டது' என்று எழுதுவது எங்கள் ஆட்களின் வழக்கம். எனக்கு சீனியரான தாவூத் பாய் இதில் மன்னர். ஆள் யார், நேர்மையானவரா என்றெல்லாம் அவரைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். சைக்கிளில் காற்று இறங்கிக் கிடந்தாலும் அவருடைய சம்மன்கள் மட்டும் தவறாமல் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிடும்.

நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், கோர்ட் இன்ஸ்பெக்டராக ஸ்ரீகண்டய்யா வருகிறவரை. போலீஸ் தரப்புக் கேஸ் காகிதங்கள் எல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் கோர்ட்டுக்குள் போகும். ஒல்லியான மனுஷர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கான்ஸ்டபிளைக்கூட 'நீவு' என்று மரியாதையாகத்தான் பேசுவார். காகிதத்தை வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டார். நேராகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து விரலிலேயே வைத்துக்கொண்டு, "ஜாகா எல்லிரீ?" என்பார். இடம் எங்கே என்று அர்த்தம். பதில் சொல்லி முடிக்கிறவரை பொடி மூக்குக்குப் போகாது.

ஒரு தடவை காப்பிக் கொட்டை வறுக்கிற ஒருவனுக்கு மார்க்கெட்டில் வைத்து சம்மன் கொடுத்துவிட்டு, வழக்கம்போல 'வீட்டில்' என்று எழுதிவிட்டேன். அவன் கோர்ட்டுக்கு வரவில்லை. எனக்கு சம்மனே வரவில்லை என்று சாதித்துவிட்டான். ஸ்ரீகண்டய்யா என்னைக் கூப்பிட்டார்.

"ஏழுமலை, அந்த மனெக் கதவு எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

மனெ என்றால் வீடு. கிழக்கு என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அவர் பொடியைப் போட்டுக்கொண்டு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் போய்ப் பாத்தாச்சு. அந்த ஆளுக்கு மனெயே இல்ல. கடையிலதான் படுக்கறான்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கறுப்பு வரி விழுந்தது.

அதற்குப் பிறகு நான் ஆள் மாறிவிட்டேன். ரோஷம் என்று சொல்லுங்கள், பயம் என்று சொல்லுங்கள், இரண்டும்தான். ஊர், தெரு, வீட்டின் அடையாளம், கதவு பார்த்த திசை, பக்கத்தில் என்ன மரம் என்றுகூட எழுதத் தொடங்கினேன். என் ஷராவைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த வீட்டுக்குப் போய்விடலாம். ஸ்ரீகண்டய்யா மற்றவர்களிடம், "ஏழுமலையைப் பாத்துக் கல்த்துக்கொள்ரி" என்பார். கற்றுக்கொள்ளுங்கள் என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து வருஷ சர்வீஸ் ஆன சமயத்தில் அந்தக் கேஸ் வந்தது. ஏட்டாகப் பதவி உயர்வுக்கு என் பெயரும் போயிருந்த நேரம்.

எங்கள் ஆஸ்டின் டவுனில் கிட்டு மேஸ்திரி என்று ஒருவன். வெளியே ரோடு வேலைக்கு ஆள் அனுப்புகிறவன், உள்ளே கள்ளச்சாராயம். செல்வம் என்ற லாரி கிளீனர் பையன் சாராயம் இறங்குகிற இடத்தைக் கலால்காரர்களுக்குச் சொல்லிவிட்டான். கலால்காரர்கள் வந்து பானைகளை உடைத்தார்கள். உடைத்துவிட்டு, தகவல் கொடுத்தவன் யாரென்று அவர்களே டீக்கடையில் பெருமையாகச் சொல்லிவிட்டும் போனார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரொட்டிக் கிடங்குக்குப் பின்னால் கிட்டு மேஸ்திரி தன் கையாலேயே செல்வத்தைக் குத்திக் கொன்றான். பட்டப்பகல். அந்தச் சந்தில் எட்டு வீடுகள். எட்டு வீட்டிலும் அந்த நேரம் எல்லாரும் தூங்கினார்களாம்.

பார்த்தேன் என்று சொன்னது ஒரே ஆள். ரொட்டிக் கிடங்கில் வேலை செய்த தெய்வானை. கோலார் தங்கவயல்காரி, புருஷன் சுரங்கத்தில் வேலை செய்து நெஞ்சு கெட்டுச் செத்துப்போனான். ஆறு வயதில் மல்லிகா என்று ஒரு பெண் குழந்தை. மாவு வருகிற கோணிகளை உதறித் துவைத்துக் கொடியில் காயப்போடுவது அவள் வேலை. இரண்டு கோணிகளுக்கு நடுவில் பத்தடி தூரத்தில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

அந்தக் காலத்தில் கொலைக் கேஸ் நேராக செஷன்ஸுக்குப் போகாது. முதலில் மாஜிஸ்திரேட் முன்னால் சாட்சிகள் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். அவர் அதை எழுதி வைத்துக்கொண்டு மேலே அனுப்புவார். பல மாதம் கழித்து செஷன்ஸில் அதையே இன்னொரு தடவை சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னால் தெய்வானை தடுமாறாமல் சொன்னாள். கிட்டு மேஸ்திரியைக் கையை நீட்டிக் காட்டினாள். வெளியே வராந்தாவில் நான் கேட்டேன்.

"ஏம்மா, ஊரே வாயை மூடிக்கினு இருக்குது. உனக்கு மட்டும் என்னம்மா?"

"அந்தப் புள்ள கடேசியா என்னைத்தான் பாத்துச்சுண்ணா. நான் பாக்கலன்னு சொன்னா எப்பிடி?" என்றாள்.

கிட்டு மேஸ்திரி ஜாமீனில் வெளியே வந்தான். தெய்வானை வீட்டு ஓட்டில் கல் விழுந்தது. ரொட்டிக் கிடங்குக்காரர், வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அவள் ஸ்டேஷனுக்கு வந்து அழுதாள். வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினார்கள். நல்ல காரியம் என்று நினைக்காதீர்கள். அதுவரை அவள் வீடு எதுவென்று தெரியாதவனுக்கும் அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. யாரோ ஒரு மந்திரி வருகிறார் என்று மூன்றாம் நாளே அந்தக் கான்ஸ்டபிளை பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொண்டார்கள். மந்திரி பத்திரமாக வந்து பத்திரமாகப் போனார்.

நாலைந்து நாள் கழித்துத் தெய்வானை கோர்ட் வாசலில் என்னைத் தேடி வந்தாள். முந்தானையால் குழந்தையை மூடிப் பிடித்திருந்தாள்.

"அண்ணா, நான் இங்க இல்ல. ஹெப்பகோடியில எங்க அக்கா கல்லொடைக்கிற எடத்துல கீது. அங்க போய்டறேன். உங்க ஒருத்தருக்குத்தான் சொல்றேன். சம்மன் வந்தா நீங்களே எடுத்தாங்க. வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"என் வாயிலேருந்து வராதும்மா. புள்ள மேல சத்தியம்" என்று மல்லிகாவின் தலையில் கை வைத்தேன். அப்படிச் செய்யச் சொல்லி அவள் கேட்கவில்லை. நானாகத்தான் வைத்தேன்.

சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஸ்டேஷனில் கேட்டார்கள், சொல்லவில்லை. கிட்டு மேஸ்திரியின் ஆள் ஒருவன் சிகரெட்டு நீட்டிக்கொண்டே விசாரித்தான், சொல்லவில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

செஷன்ஸ் சம்மன் வந்தது. கிளம்புகிற அன்று தாவூத் பாய் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார்.

"அரே ஏளுமல, எங்க போறேன்னு நான் கேக்கல. நானு சொல்றதக் கேளு. அந்தப் பொம்பளய நடுவழில எங்கயாச்சும் வரச் சொல்லு. அங்க குடு. 'கோர்ட் வராந்தாவுல குடுத்தேன்'னு எளுது. பஸ், கதம், அவ்ளோதான். நாப்பது வருசமா இப்பிடித்தான் உலகம் நடக்குது."

பெரிய மனுஷன்போல அவரைப் பார்த்துச் சிரித்தேன். சோம்பேறிக்கு எல்லாவற்றிலும் சோம்பேறித்தனம்தான் தோன்றும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஹோசூர் ரோட்டில் மிதித்து, பொம்மனஹள்ளி தாண்டி, கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே ஹெப்பகோடி போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தெய்வானை மோர் கொடுத்தாள். கைநாட்டு வைத்தாள். மல்லிகா கல் சில்லுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அங்கேயே பாறையின்மேல் தாளை வைத்து ஷரா எழுதினேன். 'ஹெப்பகோடி கிராமம், கல் உடைக்கும் இடத்துக்கு அருகில், கிணற்றுக்குத் தெற்கே, முருங்கை மரம் உள்ள, கிழக்குப் பார்த்த ஓட்டு வீட்டில், சாட்சியிடம் நேரில் கொடுக்கப்பட்டது.'

எழுதும்போது கை நின்றது என்று சொன்னால் அது பொய். நிற்கவில்லை. சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்தவன் நான்; எழுதுவதும் சொல்வதுதான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. வாய் வேறு, டியூட்டி வேறு என்றே பழகிப்போயிருந்தது. ஸ்ரீகண்டய்யா பின்பக்கத்தைப் பார்த்தார். "சென்னாகிதே" என்று பொடியைப் போட்டுக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஏட்டு பதவி கைக்கு வந்துவிட்டதுபோல நான் வெளியே வந்தேன்.

அந்தக் காகிதம் கோர்ட்டில் ரெக்கார்டு குமாஸ்தாவின் மேஜைக்குப் போயிற்று. அந்த மேஜையைச் சுற்றி வக்கீல் குமாஸ்தாக்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். கட்டைப் புரட்டிப் பார்ப்பது அவர்கள் உரிமை. யாரும் யாரையும் திருட்டுத்தனமாக எதுவும் செய்யச் சொல்லவில்லை.

விசாரணை நாள் வந்தது. தெய்வானை அக்காவோடும் குழந்தையோடும் முன்னாலேயே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதே பெஞ்சின் இன்னொரு கோடியில் கிட்டு மேஸ்திரியின் ஆட்கள் நாலு பேர். எங்கள் காலத்து ஏற்பாடு அதுதான். குற்றவாளிக் கூட்டத்துக்கும் சாட்சிக்கும் ஒரே பெஞ்சு, ஒரே தண்ணீர்ப் பானை. மல்லிகா தலையில் சிவப்பு ரிப்பன். கை நிறையக் கண்ணாடி வளையல்.

"அடேயப்பா, ரிப்பன் ஜோரா கீதே! யாரு கண்ணு வாங்கிக் குடுத்தா?" என்றேன்.

"மாமா. சைக்கிள்ல முன்னால உக்கார வெச்சு சந்தாபுராவுக்கு இஸ்துக்கினு போச்சு. முட்டாயி கூட வாங்கிக் குடுத்துச்சு." பெஞ்சின் அந்தக் கோடியைப் பார்த்துக் குழந்தை சிரித்தது. அங்கிருந்த ஒருவன் அதைப் பார்த்துக் கையசைத்தான்.

நான் தெய்வானையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"போன வாரம் வந்தானுங்க. ஒரு வார்த்த தப்பாப் பேசலண்ணா. நம்ம பேட்டைப் பொண்ணுன்னு எனக்குப் புடவை வெச்சுக் குடுத்தானுங்க. கொழந்தய சைக்கிள்ல ஒக்கார வெச்சுக்கினு ஒருத்தன் கெளம்பிட்டான். காலைல போனவன். பொழுது சாயத்தான் கொணாந்து வுட்டான். அது வரைக்கும் மீதிப் பேரு எங்கூட வாசல்லயே குந்திக்கினு, சோறு வாங்கித் துன்னுட்டு, மழை பெய்யுமா பெய்யாதான்னு பேசிக்கினு இருந்தானுங்க."

"அந்த ஊரு அவங்களுக்கு எப்பிடிம்மா..."

"யாரையும் வழி கேக்கலண்ணா. எங்க அக்கா கிணத்துல தண்ணி எறைச்சுக்கினு இருந்திச்சு. கிணத்துக்குத் தெக்கால, முருங்க மரம், கெழக்குப் பாத்த ஓட்டு வூடுன்னு பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கினே வந்து நின்னானுங்களாம்."

அது என் வாக்கியம். என் கையால், என் பேனாவால், பாறையின்மேல் வைத்து எழுதிய வாக்கியம்.

ஓடினேன். ஸ்ரீகண்டய்யா தன் அறையில் கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன். குழந்தையைத் தூக்கிப் போய் மிரட்டியிருக்கிறார்கள், இன்றைக்கு அவளைக் கூண்டில் ஏற்றாதீர்கள், தேதி வாங்குங்கள், ஜட்ஜிடம் சொல்லுங்கள் என்றேன். நிதானமாகக் கேட்டார்.

"கொழந்தைக்குக் காயம் ஏதாவது?"

"இல்ல சார்."

"புடவை குடுத்தாங்க, வளையல் குடுத்தாங்க. இதுல மிரட்டல் எல்லிதே? சரி. அந்த அம்மா வாயாலே ரைட்டிங்ல குடுக்கட்டும். பப்ளிக் பிராசிக்யூட்டர்கிட்ட நானே எடுத்துப் போறேன்."

தாள் தேடிக்கொண்டு நான் வராந்தாவுக்கு வருவதற்குள், டவாலி அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். புருஷன் பெயரோடு, ஹெப்பகோடி என்ற ஊர்ப் பெயரோடு, தெருக்கோடி வரை கேட்கிற குரலில்.

கூண்டில் அவள் அதிக நேரம் நிற்கவில்லை. அன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் பாக்கலிங்க. கோணி காயப் போட்டிருந்தேன். கோணி மறைச்சுக்கினு இருந்திச்சு."

மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து சொன்னதைப் படித்துக் காட்டினார்கள். இரண்டு கோணிக்கு நடுவில் பார்த்தேன் என்று சொன்னாயே என்றார்கள். "அப்ப போலீஸ் சொல்லிக் குடுத்ததைச் சொன்னேனுங்க" என்றாள். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். நீ சொன்ன இரண்டில் ஒன்று பொய், அதற்கு என்ன தண்டனை தெரியுமா என்று கேட்டார். அது மொழிபெயர்க்கப்பட்டு அவள் காதில் விழுந்தபோது, அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே மல்லிகா அந்த மாமாவின் பக்கத்தில் நின்று வளையலை எண்ணிக்கொண்டிருந்தது.

கிட்டு மேஸ்திரி விடுதலையானான். பிற்பாடு பேட்டையில் தண்ணீர்ப் பந்தல் எல்லாம் வைத்துக் கௌரவமாக வாழ்ந்தான். அவன் சாவுக்குப் பெரிய கூட்டம்.

நான் ஸ்ரீகண்டய்யாவிடம் போய், என் ஷராவால்தான் சார் இவ்வளவும் என்றேன். மனுஷர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "நீவு சரியாத்தான் எழுதினீங்க. அதைப் படிச்சவன் கெட்டவனா இருந்தா நாம ஏன் மாடோது?" என்றார். என்ன செய்வது என்று. அவர் லஞ்சம் வாங்கியவர் இல்லை, யாருக்கும் கெடுதல் நினைத்தவர் இல்லை. அவரைத் திட்டி எழுதினால் என் பாரம் குறையும் என்றால் பத்துப் பக்கம் எழுதுவேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சத்தியம் செய்து சொன்ன குற்றத்துக்காகத் தெய்வானைமேல் கேஸ் போடும்படி ஜட்ஜ் எழுதிவிட்டார். ஒரு கொலை நடந்தது. அதில் சட்டத்தின் கைக்கு அகப்பட்ட ஒரே ஆள் அவள். வாரண்ட் வந்தது. ஹெப்பகோடி வீடு தெரிந்தவன் என்று என் கையிலேயே கொடுத்தார்கள்.

அதே ரோட்டில் மிதித்தேன். கிணற்றடியில் சைக்கிளை நிறுத்தியபோது தூரத்தில் அவள் குனிந்து கல் உடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கிட்டே போகாமல் அப்படியே திரும்பிவிட்டேன். வழியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து வாரண்டின் பின்பக்கத்தில் எழுதினேன். 'ஆசாமி ஊரை விட்டுப் போய்விட்டாள். தற்போதைய இருப்பிடம் விசாரித்தும் தெரியவில்லை.' காப்பிக்கொட்டைக்காரன் விஷயத்துக்குப் பிறகு நான் எழுதிய முதல் பொய். எழுதி முடித்ததும் மனசு லேசாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். தாவூத் பாயிடம் சொன்னேன். அவர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் ஸ்ரீகண்டய்யா கூப்பிட்டார். மேஜையில் இரண்டு காகிதங்கள், இரண்டும் பின்பக்கம் மேலே தெரிய. ஒன்று வாரண்ட். இன்னொன்று கட்டிலிருந்து எடுத்த பழைய சம்மன். இரண்டிலும் என் கையெழுத்து. விரலில் பொடி.

"ஜாகா எல்லிரீ?" என்றார்.

நான் என் இரண்டு கையெழுத்துகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ரெண்டு மாசம் முன்னாடி ஊரு இருக்கு, கிணறு இருக்கு, மரம் இருக்கு. இப்ப ஒண்ணும் இல்ல. மரம்கூட ஓடிப் போச்சா ஏழுமலை?" அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. தன் கையால் பழக்கிய ஆள் கெட்டுப்போய்விட்டானே என்ற வருத்தம். வேறொரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, என் பழைய ஷராவை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அவன் யாரையும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு இரண்டாவது கறுப்பு வரி. ஏட்டு பதவி ஆறு வருஷம் தள்ளிப் போயிற்று. அது ஒரு பெரிய விஷயம் இல்லை. தெய்வானைக்கு நாலு மாதம் ஜெயில். மல்லிகா கல்லுடைக்கிற இடத்தில் பெரியம்மாவோடு இருந்தது.

அதற்குள் சம்மன் டியூட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டு வராந்தாக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். தீர்ப்பு நாளில் அவளைக் கூட்டி வந்து என் பக்கத்தில்தான் நிறுத்தினார்கள். அவளைப் பிடித்து வந்த கான்ஸ்டபிள் வழியில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

"என்னைப் பாத்தும் பாக்கலன்னு எழுதிக் குடுத்தீங்களாமே" என்றாள்.

"ஆமாம்மா."

"அந்தப் பொய்ய அன்னிக்கே எழுதியிருக்கக் கூடாதாங்க ஐயா?"

அதுவரை என்னை அவள் ஐயா என்று கூப்பிட்டதில்லை. டவாலி அவள் பெயரைக் கூப்பிட்டான். நான் கதவைத் திறந்துவிட்டேன்.